சோதனை தோற்றால் எங்கே பார்ப்பது: தரவுத்தள சர்வர் பிழைகளுக்கு ஓர் அறிகுறி வழிகாட்டி

சரவணம்பட்டியில் ஒரு மாடி அறையில் ஐந்து பேர் சேர்ந்து போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரோடு சேர்ந்து ஓடும் தமிழ் நீட்சி (கூடுதல் நிரல்) ஒன்றைப் பராமரித்து வருகிறோம். ஊர்ப் பெயரை எந்த விசைப்பலகையில் தட்டினாலும் ஒரே பெயராகக் கொள்வதும் அகரவரிசையில் அடுக்குவதும் அதன் வேலை. ஈரோட்டு மஞ்சள், பெருந்துறைக் கொப்பரை, பொள்ளாச்சித் தேங்காய் என்று ஏலக் கணக்கு எழுதும் மென்பொருள்கள் அதன்மேல் ஓடுகின்றன. நீட்சியின் நிரல் சின்னது. அதைக் காவல் காக்கும் சோதனைகள் அதைவிடப் பல மடங்கு. புதிதாக வேலைக்கு வருபவர் கையில் முதலில் விழுவது ஏதாவது ஒரு தோற்ற சோதனையாகத்தான் இருக்கும். அவர்களுக்காக எழுதிவைத்த குறிப்பு இது.

அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். "மேக் செக்" என்று கட்டளை கொடுத்தால் தற்காலிகச் சர்வர் ஒன்று எழும்பும். சோதனைக் கோப்பில், தரவுத்தளத்திடம் பேசும் எஸ்க்யூஎல் மொழியில் இருக்கும் வினவல்கள் அதில் ஓடும். வந்த விடை, முன்பே எழுதிவைத்த எதிர்பார்ப்புக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடப்படும். வேறுபாடு (டிஃப்) இருந்தால் அது "ரெக்ரஷன்.டிஃப்ஸ்" என்ற கோப்பில் விழும்: கழித்தல் குறி உள்ள வரி நாம் எதிர்பார்த்தது, கூட்டல் குறி உள்ள வரி சர்வர் தந்தது. எந்த அறிகுறியானாலும் முதலில் திறக்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான். திரையில் சிவப்பாக ஓடும் கடைசி இருபது வரிகளைப் பார்த்துவிட்டு நிரலைத் திருத்தப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. விடை ஏன் மாறியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவரை எதிர்பார்ப்புக் கோப்பைத் தொடாதீர்கள். ஒருமுறை நானே இதை மீறினேன். அந்தக் கதை கீழே வருகிறது.

அறிகுறி: எல்லாச் சோதனைகளும் ஒன்றாகத் தோற்கின்றன

இதுதான் இருப்பதிலேயே எளிது. இருநூறு சோதனைகள் இருநூறு பிழையால் தோற்பதில்லை. சர்வரே எழும்பவில்லை என்று பொருள். வட்டில் இடம் தீர்ந்திருக்கும். அல்லது ரூட் (கணினியின் முழு அதிகாரம் உள்ள) பயனராக ஓட்டியிருப்பீர்கள், போஸ்ட்கிரெஸ் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அல்லது நீட்சியின் நூலகக் கோப்பு வேறொரு பெரிய பதிப்புக்குத் தொகுக்கப்பட்டிருக்கும். பதிவேட்டு அடைவில் இருக்கும் சர்வர் பதிவேட்டின் (சர்வர் தன் செய்திகளை எழுதும் கோப்பு) முதல் பத்து வரிகளே காரணத்தைச் சொல்லிவிடும்.

அறிகுறி: பதிவுகள் எல்லாம் இருக்கின்றன, வரிசை மட்டும் மாறியிருக்கிறது

வரிசைப்படுத்தச் சொல்லும் "ஆர்டர் பை" இல்லாத வினவலுக்கு இன்ன வரிசையில் விடை தருவேன் என்று எஸ்க்யூஎல் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. பல நாள் ஒரே வரிசையில் வந்தது நம் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் கலையப் பல வழிகள் உண்டு. ஒரு பதிவைத் திருத்தினால் அதன் புதிய வடிவம் அட்டவணையில் வேறிடத்தில் போய் உட்காரும். அட்டவணை பெரிதானால் பல செயல்முறைகள் பங்கு போட்டுப் படிக்கும். யார் முதலில் கொண்டுவருகிறாரோ அவருடையது முதலில் வரும். பகிர்வு நினைவகத்தில் கால் பங்குக்கு மேல் போகும் அட்டவணையை இருவர் ஒரே நேரத்தில் படித்தால், பின்னால் வருபவர் முன்னவர் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவார். விடை நடுவிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் தரச் சொல்லும் "டிஸ்டிங்க்ட்" போட்டால் வரிசையாக வரும் என்ற நம்பிக்கை 2009-இல் வந்த 8.4 பதிப்போடு முடிந்துவிட்டது. இன்னும் அதை நம்புபவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து "ஆர்டர் பை". ஆனால் அதைக் கண்ட இடமெல்லாம் தெளிக்காதீர்கள். வரிசைப்படுத்தச் சொன்னதுமே சர்வர் வேறு வழியில் போகும். நீங்கள் சோதிக்க நினைத்த வழி சோதிக்கப்படாமலே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் வினவலை உள்ளே வைத்து, வெளியே இன்னொரு வினவலில் எண்ணிக்கையையோ கூட்டுத்தொகையையோ மட்டும் கேளுங்கள்.

"ஆர்டர் பை" இருந்தும் மாறுகிறதா? சமநிலையைத் தேடுங்கள். எங்கள் மஞ்சள் ஏலச் சோதனையில் விலைப்படி முதல் 2 லாட் கேட்டிருந்தோம். மூன்று லாட்டுகள் ஒரே விலையில் இருந்தன. மூன்றில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் சர்வர் சொல்வது சரிதான். லாட் எண்ணை இரண்டாம் சாவியாகச் சேர்த்ததும் சரியானது.

சமநிலையும் இல்லை என்றால் எழுத்து ஒழுங்குதான். இது தமிழ்த் தரவில் தவறாமல் வரும். நான்கு ஊர்களை எடுத்துக்கொள்வோம்.

எண் மதிப்பு ஒழுங்கில்: அந்தியூர், அன்னூர், அரச்சலூர், அவிநாசி.

தமிழ் அகரவரிசையில்: அந்தியூர், அரச்சலூர், அவிநாசி, அன்னூர்.

முதலாவது, "சி" என்று பெயர் வைத்த ஒழுங்கு. அதற்கு மொழி தெரியாது, பைட்டுகளை ஒப்பிடும். யூனிகோடில் ந 2984, ன 2985, ர 2992, வ 2997. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988-ஆம் ஆண்டு இந்தியத் தரமான இஸ்கியின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் ன, ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் படித்த வரிசையில் ன கடைசி. இரண்டாவது வரிசை, ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் ஒழுங்கு தருவது. சோதனையை உங்கள் கணினியின் சூழல் மொழியை நம்பி எழுதினால், ஒரு கணினியில் அன்னூர் இரண்டாவதாகவும் இன்னொன்றில் நான்காவதாகவும் வரும். வரிசை முக்கியமான இடத்தில் எந்த எழுத்து ஒழுங்கு என்று சொல்லும் "கொலேட்" சொல்லை வினவலிலேயே எழுதிவிடுங்கள். முக்கியமில்லாத இடத்தில் "சி" போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வரிசை மாறியதோடு பதிவும் காணவில்லை என்றால் இந்தப் பகுதியை விட்டு வெளியே வாருங்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின், 2018 ஆகஸ்டில் வெளியான 2.28 பதிப்பு எழுத்து ஒழுங்குகளைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய ஒழுங்கில் கட்டிய, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸைப் புதிய ஒழுங்கு தெரிந்த இயங்குதளத்தில் வைத்துத் தேடினால், இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லும். அது இண்டெக்ஸ் கெட்டுப்போன நிலை. "ஆம்செக்" நீட்சியால் உறுதிசெய்துகொண்டு, அதை மறுபடி கட்டும் "ரீஇண்டெக்ஸ்" கொடுக்க வேண்டும்.

அறிகுறி: இரண்டு வரிகளும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் டிஃப் வேறு என்கிறது

போன ஆடியில் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "இரண்டும் ஒன்றுதானுங்களே அக்கா?" என்றார். திரையில் இருந்தது இது:

− கொடுமுடி
+ கொடுமுடி

நானும் மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு உற்றுப் பார்த்தேன். ஒன்றுதான்.

கண்ணை நம்பாமல் எண்ணச் சொல்லுங்கள். "லெங்த்" கேட்டால் ஒன்றுக்கு 8, மற்றதற்கு 9. "ஆக்டெட்_லெங்த்" கேட்டால் 24, 27. கொ என்பதில் இருக்கும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் தட்டப்படலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் தட்டப்படலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த ஒரு குறிதான் 3 பைட் வித்தியாசம்.

ஒ, ஓ வரிசை உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: கோபி, பொள்ளாச்சி, கோவை, தொண்டாமுத்தூர். கொங்கு நாட்டில் "கொ" என்று தொடங்கும் ஊர்களுக்கா பஞ்சம். 13-ஆம் பதிப்பிலிருந்து "நார்மலைஸ்" என்ற செயற்கூறு சர்வரிலேயே இருக்கிறது. அது இரண்டு குறிகளையும் ஒன்றாக்கிவிடும். சேமிக்கும் முன்பே அதைச் செய்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதி ஔகாரத்தில் இருக்கிறது. கௌசிகா நதியைக் "கெளசிகா" என்று எழுதிய தரவு எங்களிடம் குவியலாக உண்டு. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் இருப்பது எகரக் கொம்பும் ள என்ற முழு எழுத்தும். இது எழுத்துப் பிழை. யூனிகோடு விதிப்படி வேறு சொல். "நார்மலைஸ்" இதைத் தொடாது, தொடவும் கூடாது. இதைச் சேர்த்துவைப்பது எங்கள் நீட்சியின் வேலை. ஆகவே எங்கள் சோதனைகளில் இந்த இணை தவறாமல் இருக்கும்.

சோதனை எழுதும்போது ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வடிவங்களையும் சோதனைக் கோப்பில் தமிழ் எழுத்தாகவே எழுதிவைத்தால், யாராவது ஒருநாள் தங்கள் உரைத்திருத்தியில் திறந்து சேமிப்பார்கள்; அது மரியாதையாக இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சோதனை தேறும், எதையும் சோதிக்காது. எழுத்துக்குப் பதில் குறியெண்ணை எழுதும் வசதி எஸ்க்யூஎல்லில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். படிக்க அசிங்கமாக இருக்கும். பக்கத்தில் ஒரு குறிப்புரை போட்டால் போதும்.

கைப்பேசியிலிருந்து ஒட்டிய தரவு என்றால் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும், சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உடையா இடைவெளியையும் தேடுங்கள். முறை அதேதான்: எண்ணுங்கள்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் தேறுகிறது, கூட்டத்தில் தோற்கிறது

போஸ்ட்கிரெஸ் சோதனைகள் குழுக்குழுவாக ஒரே நேரத்தில் ஓடும். ஒரு குழுவில் 20 சோதனைக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் ஓடுவதால், ஒருவர் "ஏலம்" என்று அட்டவணை உருவாக்க, பக்கத்தவரும் "ஏலம்" என்று உருவாக்கினால் மோதல்தான். அட்டவணைப் பெயர் மோதினால் உடனே தெரியும். பயனர் பெயர் மோதினால் தெரியத் தாமதமாகும், ஏனென்றால் பயனர்கள் ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரியவர்கள் அல்லர், சர்வர் முழுமைக்கும் பொது. ஏற்கெனவே ஓடும் சர்வரில் "மேக் இன்ஸ்டால்செக்" கொடுத்தால், சோதனை விட்டுச்சென்ற பயனர் அங்கேயே தங்கிவிடுவார். சோதனைப் பயனர்களுக்கு "ரெக்ரஸ்_" என்ற முன்னொட்டு வைக்கச் சொல்வது இதனால்தான்.

குற்றவாளியைப் பிடிக்கக் குழுவைப் பாதியாகப் பிரித்து ஓட்டுங்கள். தோற்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஐந்து சுற்றில் ஆள் அகப்படுவார்.

பெயர் மோதலே இல்லாமல் தோற்கும் ஒரு வகை உண்டு. அது என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. சோதனையில், அட்டவணையைத் துப்புரவு செய்யும் "வேக்கம்" கொடுத்துவிட்டு, அடுத்த வினவல் இண்டெக்ஸை மட்டும் படித்து விடை தரும் என்று எதிர்பார்த்திருந்தோம். தனியாக ஓட்டினால் அப்படியே நடந்தது. கூட்டத்தில் சில நேரம் சர்வர் வேறு திட்டத்துக்கு, அதாவது விடை தேடும் வேறு வழிக்கு, போனது. காரணம்: அதே நொடியில் பக்கத்துச் சோதனை ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருந்தது. அந்தப் பழைய பரிவர்த்தனைக்கு நம் பதிவுகள் புதியவை. ஆகவே "இந்தப் பக்கம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்" என்ற முத்திரையை வேக்கமால் போட முடியவில்லை. முத்திரை இல்லாத பக்கத்துக்கு இண்டெக்ஸ் மட்டும் போதாது. அட்டவணையைத் தற்காலிக அட்டவணையாக மாற்றினோம். 14-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு அடுத்தவர் பரிவர்த்தனை ஒரு பொருட்டே இல்லை.

அறிகுறி: இருபது முறையில் ஒருமுறை தோற்கிறது

"மறுபடி ஓட்டினேன், தேறிவிட்டது" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இருபதில் ஒருமுறை தோற்கும் சோதனையை இருபது முறை ஓட்டினால், ஒருமுறைகூடத் தோற்காமல் இருக்க 36 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. நூறு முறை ஓட்டினால் அது 1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். திருத்தம் பலித்ததா என்று பார்க்க நூறு முறை ஓட்டுங்கள். ஒரு வளையத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

பெரும்பாலும் நேரம்தான் காரணம். சோதனையில் "2 நொடி தூங்கு" என்று எழுதியிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். வேகமான கணினியில் 2 நொடி வீண். மெதுவான கணினியில் 2 நொடி போதாது. நீங்கள் காத்திருக்கும் நிலை வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, வந்ததும் நகரும்படி எழுதுங்கள். பெர்ல் மொழியில் எழுதும் சோதனைகளில் இதற்கென்றே செயற்கூறு இருக்கிறது. இயல்பாக 180 நொடி வரை பொறுக்கும்.

ஒருவர் பிடித்துவைத்த பதிவுக்காக மற்றவர் காத்து நிற்கும் பூட்டுப் பிழைகளுக்கு "ஐசொலேஷன் டெஸ்டர்" இருக்கிறது. இரண்டு மூன்று அமர்வுகளை எழுதி, எந்த அடிக்குப் பின் எந்த அடி என்று நீங்களே வரிசை சொல்லலாம். பூட்டுக்காக நிற்கும் அடிக்கு எதிரே "காத்திருக்கிறது" என்ற குறி விழும். முட்டுப்பூட்டுச் சோதனையில் ஒரு நுணுக்கம்: இருவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்கும்போது யாரைச் சர்வர் வெளியேற்றும்? யாருடைய "டெட்லாக்_டைம்அவுட்" முதலில் முடிகிறதோ அவர் சோதித்துப் பார்த்து, தானே விழுவார். இயல்பாக எல்லாருக்கும் 1 நொடி. ஆகவே யார் விழுவார் என்பது அன்றைய நிலவரம். ஒருவருக்கு 10 மில்லி நொடி, மற்றவருக்கு 100 நொடி என்று வைத்துவிட்டால் விழுபவர் எப்போதும் ஒருவரே.

நொடியின் சின்னத் துண்டில் மட்டும் திறக்கும் சந்தில் பிழை நுழைகிறது என்றால், 17-ஆம் பதிப்பில் வந்த "இன்ஜெக்ஷன் பாயின்ட்" வசதியால் சர்வர் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்து அடுத்த அமர்வை உள்ளே விடலாம். அதற்கு முன்பெல்லாம் நாங்கள் அறையில் இருப்பதிலேயே பழைய மடிக்கணினியில் வேறு வேலைகளையும் ஏற்றிவிட்டு ஓட்டுவோம். அது இன்றும் பலிக்கிறது.

அறிகுறி: என் கணினியில் தேறுகிறது, அவர் கணினியில் தோற்கிறது

எழுத்து ஒழுங்கை மேலே பார்த்துவிட்டோம். அடுத்தது நேரமண்டலம். போஸ்ட்கிரெஸின் சொந்தச் சோதனை ஓட்டி, நேரத்தைக் கலிஃபோர்னிய நேரமாகவே நிலைநிறுத்திவிடும். நீங்கள் கையால் எழுதிய ஓட்டி அப்படிச் செய்யாது. நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை மட்டும் தோற்கும் சோதனை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: ஒரு பக்கம் இந்திய நேரத்துத் தேதி, இன்னொரு பக்கம் உலகப் பொது நேரத்துத் தேதி. தசம எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறினால் பதிப்பைப் பாருங்கள். 12-ஆம் பதிப்பு, மிதவைப்புள்ளி எண்ணை அச்சிடும் முறையையே மாற்றியது.

அறிகுறி: "சர்வர் எதிர்பாராமல் இணைப்பைத் துண்டித்தது"

பத்துச் சோதனைகள் இந்த வாசகத்தோடு விழுந்திருந்தால், ஒன்பது அப்பாவிகள். ஒரு செயல்முறை செத்தால் பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தலைமைச் செயல்முறை மற்ற எல்லாரையும் வெளியேற்றிவிட்டு மீட்பைத் தொடங்கும். டிஃப் இங்கே உதவாது. சர்வர் பதிவேட்டில் "சிக்னல்" என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் கீழேயே செத்த செயல்முறை ஓட்டிக்கொண்டிருந்த வினவலும் இருக்கும்.

சிக்னல் எண் பாதி நோயைச் சொல்லிவிடும். 11 என்றால் தவறான நினைவக முகவரி. நம் நிரலில் பிழை. 6 என்றால் பெரும்பாலும், "இது இப்படித்தான் இருக்கும்" என்று நிரலில் எழுதிவைத்த உறுதிமொழி பொய்த்ததைக் கண்டு சர்வரே நின்றுவிட்டது. இதுவும் நிரல் பிழைதான், ஆனால் நல்ல பிழை, இடத்தைச் சுட்டிக் காட்டிவிடும். இந்த உறுதிமொழிச் சோதிப்பு இயங்கத் தொகுக்கும்போதே அதற்கான விருப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும். உருவாக்கும் கணினிகளில் அதை அணைத்து வைக்காதீர்கள். 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னல் கைவைத்திருக்கும். அப்போது நிரலைத் துழாவுவதை விட்டு, நினைவக அமைப்புகளைப் பாருங்கள்.

11-க்கும் 6-க்கும் செத்த நொடியின் நினைவகப் படமான கோர் கோப்பு வேண்டும். "யூலிமிட்" அளவைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டி, ஜிடிபி என்ற பிழைத்தேடியில் திறந்து அழைப்பு அடுக்கை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை) பாருங்கள். மேலே இருக்கும் முதல் நான்கைந்து பெயர்கள் பெரும்பாலும் சர்வரின் பொதுச் செயற்கூறுகள். உங்கள் நீட்சியின் பெயர் முதலில் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கிருந்து படியுங்கள்.

அறிகுறி: சோதனை தேறுகிறது, ஆனால் பயன்படுத்துபவர் தவறு என்கிறார்

இதுதான் நான் சொன்ன கதை.

எங்கள் ஏலச் சோதனையில் ஏறத்தாழ 300 லாட்டுகள் உள்ள ஓர் அட்டவணையும், சிறிய ஊர் அட்டவணை ஒன்றும் உண்டு. இரண்டையும் ஊர்ப் பெயரால் இணைத்துக் கொடுமுடி லாட்டுகளைக் கேட்டால் 12 வர வேண்டும். ஒரு பெரிய பதிப்பு மாற்றத்தின்போது 14 சோதனைகளில் டிஃப் வந்தது. திட்டங்கள் ஆடுகின்றன, புள்ளிவிவரம் நிலையாக இருந்தால் ஆட்டம் நிற்கும் என்று நானே பல கோப்புகளில், புள்ளிவிவரம் திரட்டும் "அனலைஸ்" சேர்த்தேன். அது சரியான வைத்தியம்தான். இன்றும் அதையே சொல்வேன். ஓட்டினேன். எல்லா டிஃபிலும் வரிகள் மேலும் கீழும் இடம் மாறியிருந்தன. ஐந்து கோப்புகளைக் கவனமாகப் பார்த்தேன், வரிசை மாற்றம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசிச் சோமனூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மீதி ஒன்பதையும் அப்படியே எதிர்பார்ப்பு அடைவுக்கு நகலெடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று வாரம் எல்லாம் பச்சை. பிறகு ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். கொப்பரைப் பட்டியலில் ஒரு விவசாயியின் லாட் காணவில்லை. தனியாகத் தேடினால் வருகிறது, இணைத்துக் கேட்டால் வரவில்லை.

எதிர்பார்ப்புக் கோப்பைத் திறந்து எண்ணினேன். 11.

நடந்தது இது. புள்ளிவிவரம் இல்லாத அட்டவணைகளைச் சர்வர் வரிசைப்படுத்தி இணைத்துவந்தது. அந்த முறை ஒப்பீட்டுச் செயற்கூற்றைப் பயன்படுத்தும். எங்கள் ஒப்பீடு இருவிதக் கொடுமுடியையும் ஒன்றாகப் பார்க்கும். "அனலைஸ்" கொடுத்ததும் சர்வர் ஹேஷ் இணைப்புக்கு மாறியது. அதற்கு, மதிப்பை ஓர் எண்ணாகச் சுருக்கும் ஹேஷ் செயற்கூறு வேண்டும். எங்களுடையது பைட்டுகளை அப்படியே ஹேஷ் செய்தது. சமம் என்று சொல்லும் இரண்டு மதிப்புகளுக்கு ஒரே ஹேஷ் வர வேண்டும் என்பது அரிச்சுவடி. 24 பைட் கொடுமுடி ஒரு தொட்டியிலும் 27 பைட் கொடுமுடி இன்னொரு தொட்டியிலும் போய் விழுந்தன. ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது. சோதனை அந்த வழியில் ஒருநாளும் நடக்கவில்லை, அவ்வளவுதான். நடந்த முதல் நாள் சரியாகத் தோற்றுக் காட்டியது. நான் அதன் வாயை அடைத்தேன்.

ஆகவே தேறும் சோதனையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்த வழியில் போய்த் தேறினாய்? சர்வரின் திட்டத்தைக் காட்டும் "எக்ஸ்பிளைன்" கொடுத்துப் பாருங்கள். செலவு எண்கள் கணினிக்குக் கணினி மாறும், அவற்றை அணைத்துவிட்டுத் திட்டத்தை மட்டும் சோதனையில் பதியுங்கள். திருத்தத்தை எடுத்துவிட்டால் தோற்பாயா? எடுத்துப் பாருங்கள். திருத்தம் இல்லாமலும் தேறும் சோதனை அந்தத் திருத்தத்துக்கான சோதனையே அல்ல. எங்கள் இடத்தில் பிழைத் திருத்தம் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் முன் இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேட்கிறோம்.

அறிகுறி: போன பதிப்பில் சரியாக இருந்தது

யோசிப்பதைவிடத் தேடுவது மலிவு. மாற்ற வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் "கிட் பைசெக்ட்" கொடுத்து, நல்ல இடம் ஒன்றையும் கெட்ட இடம் ஒன்றையும் காட்டுங்கள். நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்து அடியில் முடியும். தொகுத்து, ஒரு சோதனையை மட்டும் ஓட்டும் சின்ன நிரலை அதன் கையில் கொடுத்தால் தானே ஓடும். தேறினால் 0, தோற்றால் 1, தொகுப்பே நடக்காவிட்டால் 125 என்று அந்த நிரல் திருப்பித்தர வேண்டும். 125-ஐ மறப்பவர்கள்தான் "சம்பந்தமே இல்லாத மாற்றத்தைக் காட்டுகிறது" என்று வருவார்கள்.

எதிர்பார்ப்புக் கோப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால்

மாற்றலாம். பிழைச் செய்தியின் வாசகம் மாறியிருக்கும், புதிய நெடுவரிசை வந்திருக்கும். அவை நியாயமான காரணங்கள். இரண்டு விடைகளும் சரி என்றால், உதாரணமாக ஐசியு இருக்கும் தொகுப்புக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்றால், போஸ்ட்கிரெஸில் ஒரே சோதனைக்கு மாற்று எதிர்பார்ப்புக் கோப்புகள் வைக்கலாம்; கோப்புப் பெயரின் பின்னால் அடிக்கோடும் ஓர் இலக்கமும் சேர்த்தால் போதும். மூன்றுக்கு மேல் போனால் சோதனையையே பிரித்து எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்ற வேறு தரவுத்தள சர்வர்கள் பக்கம் வேலை செய்பவர்களுக்கு "ரெக்கார்ட்" விருப்பம் இன்னும் பெரிய சபலம்: ஒரே கட்டளையில் வந்த விடை எல்லாம் எதிர்பார்ப்பாகிவிடும். அங்கே "முடக்கப்பட்டவை" பட்டியல் கோப்பும் உண்டு. தொல்லை தரும் சோதனையின் பெயரை அதில் எழுதிவிட்டால் பிறகு ஓடாது.

சோமனூரில் எங்கள் வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. ஊடை நூல் அறுந்தால் அதை உணரும் சின்னக் கம்பி ஒன்று தறியை நிறுத்திவிடும். அடிக்கடி நிற்கிறதே என்று அந்தக் கம்பியை நூலால் இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டுபவர்கள் இருந்தார்கள். தறி நிற்காது, துணியில்தான் ஊடை இல்லாமல் இடைவெளி விழுந்திருக்கும். அப்பா அப்படிக் கட்டியதைப் பார்த்தால் கட்டியவர் கையாலேயே அவிழ்க்கச் சொல்வார். முடக்கப்பட்டவை பட்டியல் ஒன்று எங்களிடமும் உண்டு; அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முடக்கியவர் பெயரும், எந்தத் தேதிக்குள் அவிழ்ப்பார் என்பதும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வரியை யார் பார்த்தாலும் நீக்கிவிடலாம்.

கொடுமுடிப் பிழைக்குப் போட்ட திருத்தம் நான்கு வரி: ஹேஷ் செய்யும் முன் ஒப்பீட்டுச் செயற்கூறு செய்யும் அதே இயல்பாக்கத்தைச் செய்வது. ஹேஷ் மாறியதால் ஏற்கெனவே கட்டிய ஹேஷ் இண்டெக்ஸ்கள் செல்லாதவையாகிவிட்டன. வாடிக்கையாளர்கள் எல்லாரையும் "ரீஇண்டெக்ஸ்" கொடுக்கச் சொல்லி வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதினோம். சோதனை இப்போது அதே வினவலை மூன்று முறை ஓட்டுகிறது: ஒருமுறை ஹேஷ் இணைப்பை மட்டும் அனுமதித்து, ஒருமுறை வரிசை இணைப்பை மட்டும், ஒருமுறை உள்வளைய இணைப்பை மட்டும். எதிர்பார்ப்புக் கோப்பில் 12, 12, 12 என்று இருக்கிறது. அந்த மாற்றத்துக்கான குறிப்பில், முன்பு 11 என்று எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.